முதல் 21 நாள்

கதிர்காமத்தில் இருக்கிறது இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரி. அங்கிருந்து சற்றுத் தூரத்தில் கோரிமேடு ஜிப்மர். இன்னொரு பக்கம் எல்லைப்பிள்ளைச்சாவடியில் ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை. புதுச்சேரியின் இந்த வட்டாரத்துக்குப் பிரசவத்துக்கென்று உள்ளூர்க்காரர்கள் மட்டும் வருவதில்லை. விழுப்புரம், திண்டிவனம், கடலூர் பக்கத்துக் குடும்பங்களும் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகின்றன. இவ்வளவு மருத்துவ வசதி இவ்வளவு நெருக்கத்தில் அமைந்த ஊர்கள் இந்தியாவில் குறைவு.

மாசமாக இருக்கும் பெண்ணுக்கு நம்மிடம் புத்திமதிக்குப் பஞ்சமில்லை. பப்பாளி தின்னாதே, கிரகணத்தில் வெளியே வராதே, மல்லாந்து படுக்காதே, எழுந்திருக்கும்போது ஒருக்களித்து எழு. மருத்துவமனைக்குப் போனால் இரும்புச்சத்து மாத்திரை, ரணஜன்னி ஊசி, சர்க்கரைப் பரிசோதனை, அஞ்சாம் மாத ஸ்கேன். இத்தனைக்கும் நடுவில் ஒன்று மட்டும் நாடெங்கும் பெரும்பாலும் சொல்லாமலே விடப்படுகிறது. கருவிலிருக்கும் குழந்தையின் காதைப் பறிக்கக்கூடிய ஒரு வைரஸ், வீட்டில் விளையாடிக்கொண்டிருக்கும் ஒன்றரை வயதுப் பிள்ளையின் எச்சிலிலும் சிறுநீரிலும் இருந்து தாய்க்கு வர முடியும். பெயர் சைட்டோமெகலோ வைரஸ். மருத்துவர்கள் சுருக்கமாக சி.எம்.வி. என்பார்கள். பரம்பரையால் வராத பிறவிக் காது கேளாமைக்கு உலகெங்கும் முதன்மையான காரணங்களில் ஒன்று இது. படித்த பெற்றோரில்கூட இந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் மிகக் குறைவு.

சி.எம்.வி.யைப் புரிந்துகொள்ள அதன் முன்னோடியான ரூபெல்லாவிலிருந்து தொடங்குவது நல்லது. அந்தக் கதையில் மருத்துவருக்குப் பாடம் சொன்னவர்கள் தாய்மார்கள்.

1941ஆம் ஆண்டு. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவரிடம் கைக்குழந்தைகள் வரிசையாக வந்தார்கள். எல்லோருக்கும் கண்மணியில் வெண்மை படர்ந்திருந்தது, பிறக்கும்போதே கண்புரை. பலருக்கு இதயத்திலும் கோளாறு. பிறவிக் குறை என்றால் பரம்பரைதான் என்று அன்றைய மருத்துவம் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. ஆனால் இத்தனை குடும்பங்களில், ஒரே பருவத்தில், ஒரே மாதிரியான கண்புரை பரம்பரையாக எப்படி வரும்? கிரெக்கின் காத்திருப்பு அறையில் தாய்மார்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதில் விடை இருந்தது. வயிற்றில் பிள்ளை தங்கிய புதிதில் ஜெர்மன் தட்டம்மை, அதாவது ரூபெல்லா, வந்து போனதாம். இவளுக்கும் வந்ததாம், அவளுக்கும் வந்ததாம். அது போர்க்காலம். ராணுவ முகாம்களில் புகுந்த ரூபெல்லா 1940இல் ஊருக்குள்ளும் பரவியிருந்தது. கிரெக் ஒவ்வொரு தாயிடமும் கேட்டுப் பார்த்தார், மற்ற மருத்துவர்களிடமிருந்தும் விவரம் திரட்டினார், 78 குழந்தைகளின் கணக்கோடு 1941 அக்டோபர் 15 அன்று மெல்போர்னில் நடந்த கண் மருத்துவர் கூட்டத்தில் எடுத்து வைத்தார்.

உலகம் உடனே நம்பிவிடவில்லை. லண்டனின் பெயர்பெற்ற மருத்துவ இதழான லான்செட், 1944இல்கூட இது நிரூபணமாகவில்லை என்றே எழுதியது. சந்தேகத்தைத் தீர்த்து வைத்தவர் லான்காஸ்டர் என்ற புள்ளியியலாளர். காது கேளாதோர் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளைப் புரட்டி, அந்தக் குழந்தைகள் பிறந்த மாதங்களை அடுக்கிப் பார்த்தார். ரூபெல்லா அலை வந்து ஓய்ந்த சில மாதங்களுக்குப் பிறகு காது கேளாத குழந்தைகளின் பிறப்பு திடீரென்று உயர்ந்திருந்தது. அவர் அதை வெளியிட்ட ஆண்டு 1951. பத்து வருடம் முன்பே தாய்மார்கள் பேசிக்கொண்ட விஷயம் அது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கர்ப்பிணியிடம் பிறவித் தொற்றைப் பற்றிச் சொன்னால் பயந்துவிடுவாள், அவளுக்குப் புரியாது என்று ஒதுக்குபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ரூபெல்லா கருவைத் தாக்கும் என்ற அறிவே தாய்மார்களிடமிருந்துதான் நமக்குக் கிடைத்தது.

ரூபெல்லா பெரியவர்களுக்குச் சாதாரண நோய். லேசான காய்ச்சல், இரண்டு மூன்று நாள் சிவப்புத் தடிப்பு, காதுக்குப் பின்னால் நெறிகட்டுதல். வேப்பிலை கட்டி, இளநீர் குடித்து, நீர் விட்டால் முடிந்தது என்று வீட்டோடு கழிந்துவிடும். அதே வைரஸ் கரு தங்கிய முதல் மூன்று மாதத்தில் தாய்க்கு வந்தால், நஞ்சுக்கொடியைத் தாண்டி, அப்போதுதான் உருவாகிக்கொண்டிருக்கும் கண்வில்லை, இதயம், உட்செவி ஆகியவற்றின் செல்கள் பெருகுவதைத் தடுத்து நிறுத்துகிறது. ஆரம்ப வாரங்களில் தொற்றினால் குழந்தை பாதிக்கப்படும் வாய்ப்பு 90 விழுக்காடு வரை போகும். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு அதே தொற்று வந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. எந்த உறுப்பு எந்த வாரத்தில் உருவாகிறது என்பதைப் பொறுத்ததே எல்லாம்.

நம் பக்கத்தில் இது எவ்வளவு இருந்தது என்பதை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவு பல ஆண்டுகளாகக் கவனித்து எழுதி வந்தது. 2016 டிசம்பரில் வேலூர் சி.எம்.சி., சண்டிகர், ஜோத்பூர், புணே, பெங்களூரு என ஐந்து மருத்துவமனைகளில் முறையான கண்காணிப்பு தொடங்கியது. முதல் எட்டு மாதங்களில் சந்தேகத்தின்பேரில் சோதிக்கப்பட்ட 207 குழந்தைகளில் 72 பேருக்குப் பிறவி ரூபெல்லா என்று ஆய்வகம் உறுதி செய்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இதயத்தில் கோளாறு, பாதிக்கு மேற்பட்டோருக்குக் கண்ணில். ஐந்தே மருத்துவமனைகள், எட்டே மாதங்கள். நாடு முழுவதையும் எண்ணிப் பாருங்கள்.

2017 பிப்ரவரி 5 அன்று தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியது. முதல் கட்டத்திலேயே கர்நாடகம், தமிழ்நாடு, கோவா, லட்சத்தீவு ஆகியவற்றோடு புதுச்சேரியும் இடம்பெற்றது. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது நிறையாத எல்லாப் பிள்ளைகளுக்கும் ஓர் ஊசி. தமிழ்நாட்டில் அப்போது வாட்ஸ்அப்பில் கிளம்பிய வதந்திகளைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். ஊசி போட்டால் குழந்தைக்கு ஆபத்து என்று முகம் தெரியாதவர்களின் குரல் பதிவுகள் வீடு வீடாகச் சுற்றின, பெற்றோர்கள் பள்ளிக்கே பிள்ளையை அனுப்பாமல் வைத்துக்கொண்டார்கள், அரசு இயக்கத்தை நீட்டிக்க வேண்டிவந்தது. சரியான செய்தி போய்ச் சேராத இடத்தில் தவறான செய்தி எவ்வளவு வேகமாகக் குடியேறும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இதில் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. 2017இல் பதினைந்து வயதைத் தாண்டியிருந்த பெண்கள், அதாவது ஏறத்தாழ 2002க்கு முன் பிறந்தவர்கள், அந்த இயக்கத்தில் சேரவில்லை. இன்று திருமணமாகிப் பிள்ளை பெற்றுக்கொண்டிருப்பவர்களில் பெரும்பகுதி அவர்கள்தான். குழந்தையாக இருந்தபோது ரூபெல்லாவும் அடங்கிய எம்.எம்.ஆர். ஊசி போட்டிருந்தால் தப்பித்தார்கள். இல்லையென்றால் இயற்கையாக ரூபெல்லா வந்து போயிருக்க வேண்டும். முன்சொன்ன மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளின் ரத்தத்தைச் சோதித்தபோது ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு எதிர்ப்புச் சக்தி இல்லை என்று தெரியவந்தது. ஆகவே கல்யாணத்துக்குப் புடவை எடுக்கும் நாட்களிலேயே ஒரு ரூபெல்லா ஊசியும் போட்டுக்கொள்ளலாம். போட்டபின் ஒரு மாதமாவது கரு தங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உயிருள்ள, வலுக்குறைந்த வைரஸைக் கொண்ட ஊசி என்பதால் கர்ப்ப காலத்தில் போட மாட்டார்கள். விட்டுப்போனவர்கள் பிரசவம் முடிந்ததும் போட்டுக்கொள்ளலாம். தாய்ப்பால் கொடுப்பதற்குத் தடையில்லை.

இலங்கை இதைச் செய்து காட்டியிருக்கிறது. 1994-95இல் ரூபெல்லா அலை வந்து, பாதிக்கப்பட்ட குழந்தைகள் பிறந்தபின், பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு 1996இலேயே தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். 2020இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையிலும் மாலத்தீவிலும் ரூபெல்லா ஒழிக்கப்பட்டதாக அறிவித்தது. கடல் தாண்டினால் யாழ்ப்பாணத்துத் தாய்க்கு இல்லாத அச்சம், காரைக்கால் தாய்க்கு ஏன் இருக்க வேண்டும்?

ரூபெல்லாவுக்கு ஊசி இருக்கிறது. சி.எம்.வி.க்கு இல்லை. அதனால்தான் அதைப் பற்றிய அறிவு இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது.

சி.எம்.வி. ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ். நீர்க்கொள்வான் எனப்படும் சின்னம்மையின் உறவு. 1950களின் நடுவில் அமெரிக்காவில் மூன்று ஆய்வகங்கள் தனித்தனியே இதைப் பிரித்தெடுத்தன. அவற்றில் ஒன்று பாஸ்டனில் தாமஸ் வெல்லருடையது. போலியோ வைரஸை ஆய்வகத்தில் வளர்த்ததற்காக 1954இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். தொற்றிய செல்கள் ஊதிப் பெருப்பதைக் கண்டு இந்தப் பெயரை வைத்தவரும் அவரே. பிறகு ரூபெல்லா வைரஸையும் வளர்த்தெடுத்தார். அதற்கு உதவியது அவருடைய சொந்த மகனுக்கு ரூபெல்லா வந்தபோது எடுத்த சிறுநீர்.

ஒருமுறை உடம்புக்குள் வந்தால் சி.எம்.வி. வெளியேறுவதே இல்லை. எலும்பு மஜ்ஜையின் செல்களில் ஒடுங்கிக் கிடக்கும், அவ்வப்போது விழித்துக்கொள்ளும். உடல்நலம் உள்ளவருக்கு அது இருப்பதே தெரியாது. நம் நாட்டில் பெரும்பாலானோருக்கு இது சிறுவயதிலேயே வந்துவிடுகிறது. தாய்ப்பால் வழியாக, கூடி விளையாடும் பிள்ளைகளின் எச்சில் வழியாக. சின்னக் குழந்தைகள் தொற்றிய பிறகு மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில், எச்சிலிலும் சிறுநீரிலும் வைரஸை வெளியிட்டுக்கொண்டே இருப்பார்கள். அவர்களுக்குக் காய்ச்சல்கூட இருக்காது.

இங்கேதான் மருத்துவர்களையே நீண்ட காலம் தடுமாற வைத்த ஒரு முடிச்சு இருக்கிறது. கர்ப்ப காலத்தில் முதன்முறையாக சி.எம்.வி. தொற்றும் தாயிடமிருந்து குழந்தைக்குப் போகும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுக்கு அருகில். ஏற்கெனவே தொற்று இருந்து எதிர்ப்பொருள் உள்ள தாய்க்கு அது நூற்றில் ஒன்று என்ற அளவுக்குக் குறைந்துவிடுகிறது. இதை வைத்து, ஏறத்தாழ எல்லோருக்கும் எதிர்ப்பொருள் உள்ள நம் நாட்டில் இந்தப் பிரச்சினையே இருக்காது என்று எண்ணினார்கள். டெல்லி எய்ம்ஸ் ஆய்வாளர்கள் ஹரியானாவின் பல்லப்கர் பகுதியில் பிறந்த குழந்தைகளைச் சோதித்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். தாய்மாரில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு முன்பே தொற்று இருந்தது. இருந்தும் 423 குழந்தைகளில் 9 பேர் சி.எம்.வி.யோடு பிறந்திருந்தார்கள். நூற்றுக்கு இரண்டு. பணக்கார நாடுகளில் இது இருநூற்றுக்கு ஒன்றுதான். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வந்த கணக்கும் இதையே சொன்னது: வளர்ந்த நாடுகளில் 0.48 விழுக்காடு, ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் 1.42 விழுக்காடு.

பழைய வைரஸ் மறுபடி விழித்துக்கொள்ளலாம். அல்லது அதே வைரஸின் வேறொரு வகை புதிதாகத் தொற்றலாம். தாயின் எதிர்ப்பொருள் பெரிய வேலி என்றாலும் முழு வேலி இல்லை. வேலிக்கு வெளியே வைரஸ் எங்கும் நிறைந்திருக்கும் நாட்டில், நூற்றில் ஒன்று என்பதே பெரிய எண்ணிக்கையாகிவிடுகிறது.

இந்த இடத்தில் டார்ச் டெஸ்ட் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. கரு கலைந்துபோன பெண்களில் பலருக்கு இந்தப் பெயர் மனப்பாடம். 1971இல் ஆண்ட்ரே நாமியாஸ் என்ற மருத்துவர் பிறவித் தொற்றுகளின் முதலெழுத்துகளைச் சேர்த்து உருவாக்கிய சொல் அது. ரத்தம் கொடுத்து, ஆயிரக்கணக்கில் பணம் கட்டி, கையில் வாங்கும் தாளில் சி.எம்.வி. ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் என்று தடித்த எழுத்தில் இருக்கும். குடும்பமே இடிந்து உட்கார்ந்துவிடும். ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் என்றால் எப்போதோ வந்து போன தொற்றின் தடம், அவ்வளவுதான். இந்தியாவில் அது இல்லாத பெண்ணைத் தேடிப் பிடிப்பதுதான் கஷ்டம். கரு கலைந்ததற்கு அந்தத் தாளைக் காரணம் காட்டக் கூடாது. ஐ.ஜி.எம். பாசிட்டிவ் என்று வந்தாலும் உடனே புதுத் தொற்று என்று பொருளில்லை. பொய்யாகவும் வரும், மாதக்கணக்கில் நீடிக்கவும் செய்யும். ஐ.ஜி.ஜி.யின் பிணைப்பு வலுவை அளக்கும் அவிடிட்டி சோதனை, ஸ்கேனில் தெரியும் மாற்றங்கள், தேவைப்பட்டால் பனிக்குட நீரில் வைரஸைத் தேடுவது, இவையெல்லாம் சேர்ந்தால்தான் ஒரு முடிவுக்கு வர முடியும். ஒரே ஒரு தாளைப் பார்த்துக் கருவைக் கலைக்கலாமா என்று யோசிக்கத் தொடங்குவது கொடுமை.

சரி, தாய் என்ன செய்யலாம்? இத்தாலியில் 2015இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நல்ல விடை தருகிறது. எதிர்ப்பொருள் இல்லாத, சின்னக் குழந்தைகளோடு அன்றாடம் பழகும் கர்ப்பிணிகளிடம் சில எளிய வழக்கங்களை விளக்கிச் சொன்னார்கள். அப்படிச் சொல்லப்பட்டவர்களில் 1.2 விழுக்காட்டினருக்குத்தான் தொற்று வந்தது; யாரும் சொல்லாத பெண்களில் 7.6 விழுக்காட்டினருக்கு வந்தது. மருந்தில்லை, ஊசியில்லை. மூத்த பிள்ளைக்குக் கால் கழுவி விட்ட பிறகு, ஜட்டி மாற்றிய பிறகு, மூக்கைத் துடைத்த பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுவது. பிள்ளை தின்று மீந்த சோற்றை வீணாகிறதே என்று வாயில் போட்டுக்கொள்ளாதிருப்பது. அதே ஸ்பூன், அதே டம்ளர் வேண்டாம். முத்தம் உச்சியில் கொடுக்கலாம், உதட்டில் வேண்டாம். தலைச்சன் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கும் பெண்ணுக்கு அண்ணன் பிள்ளையோ அக்கா பிள்ளையோ மடியில் இருக்கும். அங்கன்வாடிப் பணியாளருக்குப் பத்துப் பிள்ளைகள் சுற்றியிருக்கும். அவர்களுக்கும் இது பொருந்தும். பிள்ளையை ஒதுக்கி வைக்கச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சி.எம்.வி. காற்றில் பரவுவதில்லை; தூக்குவதாலோ பக்கத்தில் படுக்க வைப்பதாலோ கெடுதலில்லை. கழுவாத கையும் எச்சில் பண்டமுமே வழி.

ஆனால் இத்தாலியப் பெண்களுக்கு முன்பு தொற்று வந்திருக்கவில்லை. நம் பெண்களுக்கோ வந்திருக்கிறது. பழைய வைரஸ் உள்ளிருந்தே விழித்துக்கொண்டால் எந்தச் சோப்பும் உதவாது. ஆகவே நம் ஊரில் பிறவி சி.எம்.வி. பற்றிய கல்வி கை கழுவுவதோடு நின்றுவிடக் கூடாது. அதன் பெரும்பாரம் பிறந்த குழந்தையின் பக்கம் விழ வேண்டும். என் வாதம் இதுதான்: தாய்க்கு நாம் கட்டாயம் சொல்ல வேண்டிய செய்தி காதும் காலக்கெடுவும்.

சி.எம்.வி.யோடு பிறக்கும் பத்துக் குழந்தைகளில் ஒன்பது பேர் பார்வைக்கு நன்றாகவே இருப்பார்கள். ஒருவருக்குத்தான் எடை குறைவு, சிறிய தலை, மஞ்சள் காமாலை, தோலில் ரத்தப் புள்ளிகள், வீங்கிய கல்லீரல் என்று ஏதாவது தெரியும். நன்றாக இருப்பதாகத் தோன்றுகிறவர்களிலும் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பேருக்குக் காது மங்குகிறது. சிலருக்குப் பிறக்கும்போதே, சிலருக்கு இரண்டு மூன்று வயதில். உட்செவியில் நத்தைக்கூடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவுக்குள் ஒரு திரவம் இருக்கிறது. ஒலியை நரம்புத் துடிப்பாக மாற்றும் செல்கள் இயங்க அந்தத் திரவத்தின் உப்புச் சமநிலை கெடாமல் இருக்க வேண்டும். அதைக் காக்கும் திசுவில்தான் சி.எம்.வி. தங்கி மெல்ல மெல்லச் சேதம் செய்கிறது. பிறந்தபோது கேட்ட குழந்தைக்குப் பிறகு கேட்காமல் போவதற்கு அதுவே காரணம் என்று கருதப்படுகிறது.

பிறந்த குழந்தையின் காதைச் சோதிக்கும் ஓ.ஏ.இ. கருவியை அருகிலிருந்து பார்த்தால் வியப்பாக இருக்கும். பால் குடித்துத் தூங்கும் குழந்தையின் காதில் சுண்டுவிரல் நுனியளவு ரப்பர் முனையை வைப்பார்கள். அது மெல்லிய ஒலிகளை உள்ளே அனுப்பும். நல்ல காக்ளியா அதற்குப் பதிலாகத் தானே ஒரு மிக நுண்ணிய ஒலியை எழுப்பித் திருப்பி அனுப்பும். கருவி அதைப் பிடித்துக்கொள்ளும். குழந்தைக்கு வலியில்லை, விழிப்பதுகூட இல்லை. சில நிமிடத்தில் திரையில் பாஸ் அல்லது ரெஃபர் என்று வந்துவிடும். ரெஃபர் என்றாலே செவிடு என்று அர்த்தமில்லை. காதில் பிரசவ நீரோ மெழுகோ இருந்தாலும் அப்படி வரும். மறுபடி சோதித்து, அப்போதும் சரியில்லையென்றால் தலையில் மின்முனைகள் ஒட்டிச் செய்யும் பெரா சோதனைக்குப் போக வேண்டும். முதல் மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்றாம் மாதத்துக்குள் உறுதி, ஆறாம் மாதத்துக்குள் காதுக் கருவி. உலகெங்கும் பின்பற்றப்படும் கணக்கு இது.

இப்போது இந்த அத்தியாயத்தின் தலைப்புக்கு வருகிறேன். காதுச் சோதனையில் தேறாத குழந்தைக்கு சி.எம்.வி. காரணமா என்று கண்டுபிடிக்க, பிறந்த 21 நாளுக்குள் சிறுநீரையோ எச்சிலையோ எடுத்து பிசிஆர் செய்ய வேண்டும். தோலில் ஒட்டும் சிறு பையில் சிறுநீர் சேகரிப்பார்கள். அல்லது பால் கொடுத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகு கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவுவார்கள். உடனே எடுத்தால் தாய்ப்பாலில் உள்ள வைரஸ் கலந்து குழப்பிவிடும். மூன்று வாரம் கடந்தால் கதை மாறிவிடுகிறது. பிறந்த பிறகு தாய்ப்பால் வழியாகவும் வீட்டார் வழியாகவும் குழந்தைக்குப் புதிதாக சி.எம்.வி. வந்திருக்கலாம். அப்படி வருவது நிறைமாதக் குழந்தைக்குத் தீங்கு செய்யாது, அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. ஆனால் அதற்குப் பின் செய்யும் சோதனை பாசிட்டிவ் என்றால் வைரஸ் கருவில் வந்ததா வெளியில் வந்ததா என்று அதைக் கொண்டு சொல்ல இயலாது.

நம் வழக்கமோ இதற்கு நேர் எதிராக நிற்கிறது. பச்சைப் பிள்ளையை முப்பது நாள், நாற்பது நாள் வாசல் தாண்ட விட மாட்டார்கள். தீட்டுக் கழிய வேண்டும், முப்பது கும்பிட வேண்டும், அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி. அந்த வழக்கத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. பிரசவித்த உடம்புக்கு ஓய்வும் சிசுவுக்குக் காவலும் அதில் இருக்கின்றன. வழியும் இருக்கிறது: காதுச் சோதனையை டிஸ்சார்ஜுக்கு முன்பே முடித்துவிடுவது. தேறவில்லையென்றால் சிறுநீரையும் அப்போதே எடுத்துவிடலாம். புதுச்சேரியில் ஏறத்தாழ எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான் நடக்கிறது. குழந்தை அங்கேயே, கைக்கெட்டும் தூரத்தில், இரண்டு மூன்று நாள் இருக்கிறது.

அறிகுறியோடு பிறந்த குழந்தைக்கு வால்கான்சிக்ளோவிர் என்ற மருந்தை முதல் மாதத்துக்குள் தொடங்கி ஆறு மாதம் கொடுத்தால் காதும் பேச்சும் ஓரளவு மேம்படுவதாக 2015இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. ரத்த வெள்ளை அணுக்களைக் குறைக்கும் மருந்து என்பதால் அடிக்கடி ரத்தம் பார்த்து, குழந்தை மருத்துவரின் கண்காணிப்பில்தான் தர வேண்டும். எல்லாக் குழந்தைக்கும் ஏற்றதில்லை. மருந்து தேவைப்படாத குழந்தைக்கும்கூட சி.எம்.வி. என்று தெரிந்தால் பெரிய பயன் ஒன்று உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை காதைச் சோதித்துக்கொண்டே இருக்கலாம். கேள்வி மங்கத் தொடங்கும் அந்த மாதத்திலேயே பிடித்துவிடலாம்.

பிடிக்காவிட்டால் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். ஒன்றரை வயதாகியும் பேச்சு வரவில்லை என்றால், "ஆம்பளப் புள்ள, லேட்டாத்தான் பேசுவான்" என்பார் பாட்டி. "இவங்கப்பன் நாலு வயசுலதான் பேசுனான்" என்பார் தாத்தா. நாக்கில் வசம்பு தடவுவார்கள், கோயிலில் மணி கட்டுவதாக வேண்டிக்கொள்வார்கள். எல்லாம் பாசத்தில் செய்வதுதான். அதற்குள் மூளை மொழியைக் கற்றுக்கொள்ளும் பொன்னான காலம் கரைந்துவிடும். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு காக்ளியர் இம்ப்ளான்ட் சிகிச்சை கிடைக்கிறது. நாட்டளவில் 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் சோதனைப் பட்டியலில் பிறவிக் காது கேளாமையும் பிறவிக் கண்புரையும் உள்ளன. கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் ஒரு வயதில் உள்ளே நுழையும் குழந்தையும் ஐந்து வயதில் நுழையும் குழந்தையும் ஒரே அளவு பேசப் போவதில்லை.

தாய்மாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்த வீட்டில் முதலில் தேடப்படுவது அவளுடைய குற்றம். கிரகணத்தன்று வெளியே வந்தாயா, எந்த மாத்திரை போட்டாய், யார் வீட்டில் என்ன சாப்பிட்டாய் என்று விசாரணை நடக்கும். சி.எம்.வி. எந்த அறிகுறியும் காட்டாமல் வருகிறது; பெரும்பாலும் அவளுக்குச் சிறுவயதிலேயே வந்துவிட்டது. அவள் செய்த தவறென்று எதுவும் இல்லை. கணவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்கட்டும். மூத்த பிள்ளைக்குக் கால் கழுவி விடுவதையும் மூக்குத் துடைப்பதையும் அந்த ஒன்பது மாதம் அவர்கள் எடுத்துக்கொண்டால் வைரஸுக்கு ஒரு வழி அடைபடும்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலம் 2013இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. கர்ப்பிணிகளுக்கு சி.எம்.வி. பற்றிச் சொல்ல வேண்டும், காதுச் சோதனையில் தேறாத குழந்தையை மூன்று வாரத்துக்குள் சோதிக்க வேண்டும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2019 முதல் பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுக்கும் ரத்தப் பொட்டிலேயே இதைத் தேடுகிறது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் 2023இல் எல்லாக் குழந்தைகளுக்கும் செய்யத் தொடங்கியது. இவர்களிடம் நம்மைவிடக் குறைவாகவே பிறவி சி.எம்.வி. இருக்கிறது.

2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் மக்கள்தொகை 12,47,953. இந்தியாவின் பெரிய மாவட்டங்கள் பலவற்றைவிடச் சிறியது. கதிர்காமத்திலும் கோரிமேட்டிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. நாட்டில் வேறெங்கும் தொடங்குவதற்கு முன் இங்கே தொடங்கலாம். கர்ப்பிணியின் கையில் கொடுக்கும் தாய்-சேய் அட்டையில் நான்கு வரி அச்சிட்டால் போதும்: விட்டுப்போயிருந்தால் பிரசவம் முடிந்ததும் ரூபெல்லா ஊசி, சின்னப் பிள்ளையைத் தொட்டபின் சோப்பு, வீட்டுக்குப் போகும் முன் குழந்தைக்குக் காதுச் சோதனை, தேறாவிட்டால் 21 நாளுக்குள் சிறுநீர்ச் சோதனை. அந்த அட்டை அச்சாகும்வரை, இதைப் படிக்கும் நீங்கள் உங்கள் வீட்டில் யாராவது மாசமாக இருந்தால் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். டிஸ்சார்ஜ் அன்று, குழந்தைக்குக் காது பார்த்தாயிற்றா என்று வார்டில் கேட்கச் சொல்லுங்கள்.